தாண்டவராயன் பெற்ற பன்னிரண்டு உரிமைகள்

பிடிபட்ட மனிதனுக்குத் தன் உரிமைகள் தெரியாமல் போய்விடக் கூடாது என்று மேலிடத்தில் யாரோ ஒரு நல்லவருக்குத் தோன்றியது. நல்லவர் என்றுதான் நான் நம்புகிறேன். அவர் தம் அறையில் உட்கார்ந்து பன்னிரண்டு உரிமைகளை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். புறப்படும்போது அது ஒரு நல்ல எண்ணமாகவே இருந்தது. வழியில் ஏழு அலுவலகங்களைக் கடந்து உத்திரமேரூர்ச் சாலைக்கு வந்து சேர்ந்தபோது அது ஒரு தகரக் கொட்டகையாகவும், ஒரு மேஜையாகவும், மூன்று பிரதிகளில் நிரப்ப வேண்டிய ஒரு படிவமாகவும் மாறியிருந்தது.

ராஜ்யத்தில் மதுவிலக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அந்தப் பங்குனியில் ‘சாலை நிதான வாரம்’ என்று ஒன்றை அறிவித்தார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்க வேண்டும். பிடித்த உடனே அவர்களுடைய உரிமைகளை அவர்களுக்கு உணர்த்த வேண்டும். அந்தச் சாலையில் நாளொன்றுக்கு நாலு தடவை பஸ் போகும். செவ்வாய்க்கிழமைகளில் டாக்டருடைய கார் போகும். இவற்றில் குடித்தவர் யாரும் கிடைக்காததால், மாட்டு வண்டியும் வண்டியே என்று ஒரு விளக்கக் குறிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்தக் கொட்டகையின் முன்னால் மானாம்பதித் தாண்டவராயனின் வண்டி வந்தது. உத்திரமேரூர் ரைஸ் மில்லில் நாலு மூட்டை தவிடு ஏற்றிக்கொண்டு அவர் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். உச்சிப் பொழுதுக்குள் ஊரில் இருந்தாக வேண்டும். அன்று உச்சி முதல் மூன்று மணி வரை அவருடைய தண்ணீர் முறை.

ஏரியில் தண்ணீர் வற்றத் தொடங்கினால் மானாம்பதியில் முறை வைப்பார்கள். அம்மன் கோயில் முன்னால் ஒரு குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். யார் சீட்டில் எந்த நேரமோ அந்த நேரம் அவர் வயலுக்குத் தண்ணீர். நீர்க்கட்டி சடையப்பனிடம் சீட்டைக் கொடுத்தால் அவர் மடையைத் திறந்துவிடுவார். சீட்டு இல்லாவிட்டால் திறக்க மாட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கைம்பெண்ணுக்காக இரக்கப்பட்டுத் திறந்துவிட்டார். அதற்காக ஏரிக் கமிட்டி அவருடைய அந்த வருஷத்துக் கூலி நெல்லை நிறுத்திவிட்டது.

தாண்டவராயனின் ஒரு காணி நவரைப் பயிர் கதிர் தலைகாட்டிக்கொண்டு நின்றது. இந்த முறை தவறினால் அடுத்தது பத்து நாள் கழித்து. பத்து நாளில் கதிர் பதராகிவிடும். சீட்டை வீட்டில் வைத்தால் ஆடு தின்றுவிடக்கூடும் என்று பயந்து அவர் அதை மடியிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“யோவ் நைனா, நிறுத்து, நிறுத்து!” என்றார் போலீஸ்காரர் முத்துவேல். “வண்டி இன்னாய்யா பாம்பு மாதிரி வளைஞ்சி வருது?”

“பள்ளங்க. பள்ளத்துல வுட்டா அச்சு பூடும்ங்க.”

“வாயத் தொற.”

தாண்டவராயன் வாயைத் திறந்தார். முத்துவேல் முகர்ந்தார்.

“புளிச்ச வாடை அடிக்குதே. இன்னா குடிச்சே?”

“நீராகாரங்க. காலீல பழையது துன்னுட்டு, அந்தத் தண்ணியக் குடிச்சிட்டுப் பொறப்பட்டேன்.”

முத்துவேல் சங்கடத்தோடு தம் வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டார். அவரும் காலையில் அதைத்தான் குடித்திருந்தார். விட்டுவிடலாம் என்றுதான் கையைத் தூக்கினார். அதற்குள் கொட்டகையின் உள்ளேயிருந்து சப்-இன்ஸ்பெக்டர் வேதாசலம் வெளியே வந்துவிட்டார். ஐந்து நாளில் ஒரு வழக்குக்கூட இல்லாமல் அவர் இளைத்திருந்தார்.

“வாடை இருக்கிறதா?”

“இருக்குது சார். ஆனா பழைய சோத்துத் தண்ணி சார். நான்கூட அதான் சார் குடிச்சேன்.”

“நீ வண்டி ஓட்டவில்லை” என்றார் வேதாசலம். “கோடு போடு.”

தரையில் சுண்ணாம்பால் இருபதடி நீளத்துக்கு ஒரு கோடு போட்டார்கள். குடித்தவன் அதன்மேல் நேராக நடக்க முடியாது என்பது விதி. தாண்டவராயனுக்கு வரப்பில் நடந்து பழகிய கால். ஒரு சாண் அகல வரப்பில், தலையில் நாற்றுக் கட்டோடு, மழையில் நடந்தவர். கோட்டின் மேல் போய், திரும்பி, அப்படியே வந்தார். சுண்ணாம்புகூடக் கலையவில்லை.

வேதாசலம் வெகு நேரம் கோட்டைப் பார்த்தார். பிறகு படிவத்தில் எழுதினார்: ‘சந்தேகத்துக்கு இடமான அளவுக்கு நேராக நடந்தார். இதில் முன்பழக்கம் உள்ளவராகத் தெரிகிறது.’

வண்டி கைப்பற்றப்பட்டது. மாடுகள் வண்டியின் பாகங்கள் என்று குறிக்கப்பட்டு வெயிலில் கட்டப்பட்டன. தாண்டவராயன் கொட்டகைக்குள் ஒரு பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார்.

“ஐயா, நான் உச்சிக்குள்ள ஊருக்குப் போவணும்ங்க. தண்ணி முறைங்க.”

“போகலாம். உன் உரிமைகளைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டால் ஜாமீனில் போகலாம்” என்று அன்பாகவே சொன்னார் வேதாசலம். “உரிமை தெரியாதவனை வெளியே விட எனக்கு அதிகாரம் இல்லை. நாளைக்கு நீ போய், ‘எனக்கு உரிமை இருப்பதையே சொல்லவில்லை’ என்று எழுதிப் போட்டுவிட்டால் என் பிரமோஷன் என்ன ஆவது?”

உரிமைகளைச் சொல்லுவதற்கென்றே ஜெகந்நாதன் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கௌரவ உரிமை விளக்குநர் என்பது அவர் பதவி. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். முதலில் பத்து நிமிஷம் முன்னுரை.

“இது சாதாரண ஊர் அல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சீட்டுக்கு எவ்வளவு மதிப்பு! சீட்டில் என்ன இருந்ததோ அதுதான் சட்டம். அதை மாற்ற ராஜாவாலும் முடியாது. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த நீ உன் உரிமை தெரியாமல் இருக்கலாமா?”

“சீட்டு என் மடியிலதாங்க கீது” என்றார் தாண்டவராயன்.

“குறுக்கே பேசாதே. உரிமை ஒன்று: பிடிபட்டவர் தாம் பிடிபட்ட காரணத்தை அறிந்துகொள்ளும் உரிமை உடையவர்.”

“இன்னா காரணம்ங்க சாமி?”

“அதைச் சொல்வது என் வேலை இல்லை. அறிந்துகொள்ளும் உரிமை உனக்கு உண்டு என்று சொல்வது மட்டுமே என் வேலை. காரணம் சொல்வதற்கு வேறு அதிகாரி. அவரை இன்னும் நியமிக்கவில்லை. உரிமை இரண்டு: வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை.”

“வக்கீல் எங்க கீறாருங்க?”

“காஞ்சிபுரத்தில். நீயே போய் அழைத்து வரலாம்.”

“அப்ப போவட்டுங்களா?”

“இங்கிருந்து போகக் கூடாது” என்றார் ஜெகந்நாதன். “உரிமை மூன்று: பேசாமல் இருக்கும் உரிமை.”

இது நல்ல உரிமையாக இருக்கிறதே என்று தாண்டவராயன் பேசாமல் இருந்தார்.

“புரிந்ததா?”

அவர் பேசவில்லை.

“புரிந்ததா என்று கேட்கிறேன்!”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஜெகந்நாதன் வருத்தத்தோடு சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். “வாய் திறந்து ‘புரிந்தது’ என்று சொன்னால்தான் புரிந்ததாகக் கணக்கு. சொல்லிவிட்டால் பேசாமல் இருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு. இதற்கு விளக்கம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறோம்.”

நாலாவது உரிமை, வைத்தியப் பரிசோதனை. டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். அந்த நேரத்தில் கடவுள் அனுப்பியது போல நர்ஸ் பாக்கியமேரி அந்த வழியாக நடந்து வந்தார். பக்கத்துக் கிராமத்தில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு, கையில் பையோடு திரும்பிக்கொண்டிருந்தார். முத்துவேல் ஓடிப்போய் அவரை அழைத்து வந்தார். பாக்கியமேரி தாண்டவராயனின் கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், வாயை முகர்ந்தார்.

“நீராகாரம்” என்றார். “கூடச் சின்ன வெங்காயம் கடிச்சிருக்கார். ரெண்டு. இந்த மனுஷனை எதுக்கு உட்கார வச்சிருக்கீங்க?”

“அம்மா, நர்ஸ் மூக்குக்குச் சட்டத்தில் இடமில்லை” என்றார் வேதாசலம்.

“அப்ப யார் மூக்குக்கு இடம்?”

“டாக்டர் மூக்குக்கு. அது செவ்வாய்க்கிழமை வரும்.”

“செவ்வாய்க்கிழமை வரைக்கும் இந்த வாடை இருக்குமா சார்?”

“அதற்காகத்தான் சாட்சிக்கு இவரையே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.”

பாக்கியமேரி பையைத் தூக்கிக்கொண்டார். வெளியே போனார். நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற மாடுகளைப் பார்த்தார். கொட்டகையின் பின்புறத்தில் இருந்த பானையை எடுத்து, குட்டையில் மொண்டு வந்து, இரண்டுக்கும் தண்ணீர் காட்டினார்.

“அவை வழக்குச் சொத்து. அனுமதி இல்லாமல் ஆகாரம் கொடுக்கக் கூடாது!” என்று உள்ளேயிருந்து கத்தினார் ஜெகந்நாதன்.

“நீங்க இந்தப் பக்கம் பார்க்காதீங்க ஐயா, சரியாப் போயிடும்” என்றார் பாக்கியமேரி. மாட்டின் நெற்றியைத் தடவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்தே முக்காலுக்குத் தாண்டவராயனுக்கு ஒரு யோசனை வந்தது. பதினொரு மணி பஸ் மானாம்பதி வழியாகப் போகும். கண்டக்டரிடம் சீட்டைக் கொடுத்தால் அங்கே இறங்கும் யாரிடமாவது அவர் கொடுத்து அனுப்புவார். மனைவி சொக்கம்மாள் அதை மடைக்குக் கொண்டுபோய்விடுவாள். தான் போகாவிட்டாலும் சீட்டுப் போனால் போதும்.

அவர் மடியிலிருந்து சீட்டை எடுத்தார். அதைப் பார்த்ததும் ஜெகந்நாதனின் முகம் மலர்ந்தது.

“ஆகா, ஒன்பதாவது உரிமை! பிடிபட்டவரின் உடைமைகள் பத்திரமாகப் பாதுகாக்கப்படும் உரிமை. சரியான நேரத்தில் எடுத்தாய்.”

அவர் சீட்டை வாங்கி ஒரு உறையில் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, அரக்கை உருக்கி, மூன்று இடத்தில் முத்திரை வைத்தார். எல்லாம் தாண்டவராயனின் கண் முன்னாலேயே நடந்தது. அப்படி நடக்க வேண்டும் என்பது பத்தாவது உரிமை.

“சாமி, அத்தக் குடுங்க சாமி. பஸ்ஸுல அனுப்பணும்ங்க. தண்ணி பூடுங்க. ஒரு காணிப் பயிருங்க, எம் பொஞ்சாதி மடையாண்ட நிக்கிறாங்க!”

“கேட்பதற்கு உனக்கு உரிமை உண்டு. கொடுப்பதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. முத்திரையை உடைக்க வேண்டுமானால் இரண்டு கௌரவமான சாட்சிகள் வேண்டும்.”

“தோ, ஐயா கீறாரு, நீங்க கீறீங்க!”

“நாங்கள் முத்திரை வைத்தவர்கள். உடைப்பவர்கள் வேறு ஆளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உனக்கு என்ன பாதுகாப்பு?”

தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது. முத்துவேல் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் படிவத்தைப் பார்த்தார். முத்துவேல் சாலையின் நடுவில் போய் நின்று பஸ்ஸை நிறுத்தினார். அதிகாரிகள் மனம் மாறினாலும் மாறலாம் என்று அந்த மனிதருக்கு ஒரு நம்பிக்கை. பட்டப்பகலில் பஸ்ஸின் விளக்குகளைப் போட்டுக் காட்டச் சொன்னார். ஆரனை அடிக்கச் சொன்னார். டயர் ஒவ்வொன்றையும் பூட்ஸ் காலால் உதைத்துப் பார்த்தார்.

“இன்னா சார், இன்னிக்கு ஒரே பேஜாராக் கீது? பகல்ல லைட்டு எதுக்கு சார்?” என்றார் கண்டக்டர்.

“சும்மா இருய்யா” என்றார் முத்துவேல். ஸ்டெப்னியை இறக்கிக் காட்டச் சொன்னார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவர் கால் மணி நேரம் அந்த ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றார். முத்திரை உடையவில்லை. கடைசியில் வேதாசலமே எட்டிப் பார்த்து, “பொதுமக்களுக்கு ஏன் இடைஞ்சல் செய்கிறாய்?” என்று கடிந்துகொண்டார்.

பஸ் போய்விட்டது. தாண்டவராயன் அது புளிய மரங்களுக்கு நடுவே சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பின்னால் எழுந்த புழுதி அடங்கிய பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழாதேப்பா” என்றார் வேதாசலம். அவருக்கும் மனசு கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். “உரிமை என்பது சர்க்கார் உனக்குக் கொடுத்திருக்கும் விலையுயர்ந்த பொருள். உன் கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவாய். அதனால்தான் உன் சார்பில் நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம். நீ கவலைப்படாமல் இரு.”

உச்சிப் பொழுது வந்தது. கொட்டகையின் தகரம் கொதித்தது. தாண்டவராயனுக்கு அந்த நேரத்தில் தன் வயலின் ஒவ்வொரு பாத்தியும் கண்ணில் தெரிந்தது. மடையில் சொக்கம்மாள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நிற்பாள். சாலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டார். யாரை நினைத்தாரோ தெரியாது.

“தூங்கக் கூடாது. இனிமேல் பரீட்சை” என்றார் ஜெகந்நாதன்.

பன்னிரண்டு கேள்வி. நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி. முதல் தடவை தாண்டவராயன் நாலு மதிப்பெண் வாங்கினார். ‘உனக்கு வீட்டுக்குப் போக உரிமை உண்டா?’ என்ற கேள்விக்கு ‘உண்டுங்க’ என்று சொன்னதுதான் பெரிய தப்பாகப் போயிற்று. அதற்கு நெகடிவ் மார்க். இரண்டாவது தடவை பதினெட்டு. ஜெகந்நாதனுக்குப் பழைய ஆசிரிய உற்சாகம் வந்துவிட்டது. பிரம்பு இல்லாததுதான் குறை. ஒவ்வொரு உரிமையையும் ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். “பிடிபட்டவர்... தாம் பிடிபட்ட... காரணத்தை...” தாண்டவராயனும் கூடவே சொன்னார். முத்துவேல் வாசலில் நின்றபடி, விடை மறந்த இடங்களில் உதட்டை அசைத்துக் காட்டினார்.

இரண்டே முக்கால் மணிக்கு மூன்றாவது தடவை. கடைசிக் கேள்வி இது: ‘இந்த அலுவலகத்தில் உன்னை எப்படி நடத்தினார்கள்?’ சரியான விடை ‘நன்றாக’ என்று மேலிடத்திலேயே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அதற்கு இருபது மதிப்பெண்.

தாண்டவராயன் யோசித்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய அம்மாளை நினைத்தார். கால் மணி நேரம் ஏச்சு வாங்கின மனிதரைத் திரும்பிப் பார்த்தார்.

“நல்லா நடத்தினாங்க” என்றார். பொய் சொல்லவில்லை.

“தேர்ச்சி!” என்றார் ஜெகந்நாதன். மொத்தம் முப்பத்தெட்டு.

மணி மூன்று. கைரேகை வாங்கினார்கள், மூன்று பிரதியிலும். வேதாசலம் எழுந்து நின்று கையைக் குலுக்கினார். “இந்த வட்டாரத்திலேயே பன்னிரண்டு உரிமையும் தெரிந்த ஒரே குடிமகன் நீதான். வாடை போய்விட்டதால் வழக்கும் இல்லை. உன் சீட்டு இதோ, முத்திரை கலையாமல் இருக்கிறது, பார்த்துக்கொள். உடைமையை எப்படிப் பாதுகாத்திருக்கிறோம், பார்!”

தாண்டவராயன் உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சர்க்கார் முத்திரை அல்லவா!

அவர் ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வண்டியை வீட்டுக்கு விடாமல் நேரே வயலுக்கு விட்டார். சொக்கம்மாள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

“எங்கய்யா பூட்டே? கால்ல வுழாத குறையா அந்த நீர்க்கட்டியக் கேட்டேன். சீட்டு எங்கன்னு ஒத்தைக் கால்ல நின்னுட்டாரு. மூணு அடிச்சதும் அடுத்த முறைக்காரரு, பக்கத்து வயல் சேட்டு, தன் சீட்டக் கொண்ணாந்து குடுத்துட்டாரு. இப்ப அவரு முறை ஓடிக்கினு கீது. நீ எங்க பூட்டே?”

“உரிமை கத்துக்கப் போனேன்” என்றார் தாண்டவராயன். வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகுதான் அவர் வயலைப் பார்த்தார். மடையை ஒட்டிய மூலையில், கால் பங்கு வயலில், தண்ணீர் மினுமினுத்தது. அங்கே பயிர் நிமிர்ந்து நின்றது. அதற்கு அப்பால் மண் வெடித்துக் கிடந்தது.

“இது எப்படி வந்துச்சி?”

“தெரியலியே. மத்தியானத்துலேர்ந்தே கசிஞ்சிக்கினு கீது. நான் கைய வெக்கலே.”

வாய்க்கால் கரைமேல் சடையப்பன் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். தாண்டவராயனைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அண்ணே, மடை கசியுது போலக் கீதே.”

“நான் ஒழுங்காத்தான் அடைச்சேன்” என்றார் சடையப்பன் விறைப்பாக. “நண்டு வளை. இந்த வருஷம் நண்டு ஜாஸ்தி. நாளைக்குக் காலீல கமிட்டித் தலைவரு மடை பாக்க வருவாரு, அவரு கேட்டாலும் இதான் சொல்லுவேன்.”

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

தாண்டவராயன் மடைக்குள் இறங்கிக் குனிந்து பார்த்தார். அடைத்த மண்ணின் ஓரத்தில், தண்ணீர் நூலாக ஓடும் இடத்தில், ஒரு குதிகாலை அழுத்தி வைத்த பள்ளம் இருந்தது. அதற்கு முன்னால் ஈரச் சேற்றில் ஐந்து கால் விரல்கள் தெளிவாகப் பதிந்திருந்தன.

அவர் சடையப்பன் போன பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அந்த ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக வழித்து மண்ணை மட்டமாக்கினார். ஒரு பிடி களிமண்ணை எடுத்துப் பிசைந்து பள்ளத்தில் வைத்தார்.

“ஐயோ, இன்னாய்யா பண்றே?” என்று பதறினாள் சொக்கம்மாள். “வர்ற தண்ணி வரட்டுமே! முக்காக் காணி காஞ்சிக் கெடக்குதே!”

“இப்ப சேட்டு முறை” என்றார் தாண்டவராயன்.

அவர் மண்ணை அழுத்திக் கசிவை அடைத்தார். உள்ளே வந்துவிட்டிருந்த தண்ணீர் மட்டும், காய்ந்த மண்ணின் வெடிப்புகளுக்குள் தட்டுத் தடுமாறி இன்னும் இரண்டு முழம் நடந்தது. பிறகு நின்றுவிட்டது.